சேவலும் இடது முழங்காலும்

மார்ச் 3
காலையில் குளியலறையில் சேவல் நின்றது. மைத்துனன் ருஷ்தியுடையது. "நாலு நாள் இங்க இருக்கட்டுமா மச்சான்?" என்று போன மாதம் கேட்டான். மறுத்தால் மனம் நோகுமே என்று "இன்ஷா அல்லாஹ்" என்றேன். இப்போது அது என்னைக் குளிக்க விடுவதில்லை.

மார்ச் 5
ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். நாளை இடது முழங்காலில் மூட்டு மாற்று. அறுவை அரங்கத்து நர்ஸ் இப்திஹால் வந்து, "எந்த முழங்கால், உஸ்தாத்?" என்றாள். வாத்தியாராக இருந்தவன் என்பதால் எல்லோருக்கும் நான் உஸ்தாத்.
"நீங்க எதைச் சொன்னாலும் சரிம்மா."
"வலதா?"
"இன்ஷா அல்லாஹ்."
"இடதா?"
"இன்ஷா அல்லாஹ்."
பேனாவை மூடினாள். "பிரசவத்துக்குத்தானே வந்திருக்கீங்க?"
அதற்கும் என் வாய்—
மனைவி இன்ஷிராஹ் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்திஹால் சிரிக்கவில்லை. "எல்லாத்துக்கும் தலையாட்டுறவங்களைக் கண்டாதான் எங்களுக்குப் பயம். நாளைக்கு உங்க வாயால சொல்லணும். சொல்லாம நான் கத்தியை எடுத்துக் கொடுக்கமாட்டேன்."
மாலையில் இளம் டாக்டர் ஒருவர் இடது தொடையில் நீல மையால் ஏதோ வரைந்துவிட்டுப் போனார்.

மார்ச் 6, விடியல்
நன்றாகக் குளிக்கச் சொன்னார்கள். தொடையில் இருந்த மைக்கறையோடு போவது மரியாதையா? தேய்த்து எடுத்துவிட்டேன். கண்ணாடி முன் இடதைத் தொட்டு "இடது முழங்கால்" என்று சொல்லிப் பழகினேன். கண்ணாடியில் நின்றவர் வலதைத் தொட்டார். நாற்பது ஆண்டு பூகோளம் நடத்தித் திசை சொல்லிக்கொடுத்தவன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மார்ச் 7
நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். மயக்க ஊசிக்கு முன், பெரிய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, "வலது முழங்கால். ஆரம்பிக்கலாம்" என்றார்.
இப்திஹால் கருவித் தட்டின் மேல் கையை வைத்தாள். "பேஷண்ட் இன்னும் சொல்லலை டாக்டர்."
"குறி எங்கே?"
"கழுவிட்டார்."
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வலதுதானே ஐயா?" என்றார் டாக்டர். எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு மரியாதையான குரல். 'இன்' வரை வாயில் வந்துவிட்டது. அவளோ தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.
"இல்லை," என்றேன். "இடது." உடனே மன்னிப்பும் கேட்டேன்.
டாக்டர் எக்ஸ்ரேயைக் கழற்றிப் பார்த்தார். இடம் வலம் மாறும்படி திருப்பி மாட்டியிருந்தார்கள்.
"பிரசவம் சுகமா முடிஞ்சுது, உஸ்தாத்," என்று சொல்லி, இப்திஹால் தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

மார்ச் 19
நலம் விசாரிக்க ருஷ்தி வீட்டுக்கு வந்தான். கூடையில் இரண்டு கோழிகள். "சேவலுக்குத் துணையா இருக்கட்டுமே மச்சான்?"
"இல்லை. அதையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டுப் போ."
இன்ஷிராஹ் ஓடிவந்து, காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 20
நிம்மதியாகக் குளித்தேன்.