காபியில் கலந்த மாத்திரை

மார்ச் 4

அன்புள்ள மகளுக்கு,

எனக்குப் புத்தி மங்கிவிட்டது என்று, நீ ஊர் திரும்பியதிலிருந்து, உன் அண்ணனிடமும் சித்தியிடமும் சொல்லி வருகிறாயாம். தவறு. திருத்திச் சொல். எனக்குப் புற்றுநோய் வந்தது மார்பில், தலையில் அல்ல.

திங்கட்கிழமை டாக்டர் முன்னால் நான் தூங்கி வழிந்தது உண்மை. முப்பத்தோராண்டு சுருக்கெழுத்தாளராக இருந்தவள், டாக்டர் பேசுவதையும் குறிப்பெடுப்பேன். அன்றைய குறிப்பேட்டில் ஐந்து வரி ஒழுங்காக இருக்கிறது. ஆறாவது கோழி கிறுக்கியது போல. ஏழாவது இல்லவே இல்லை. அந்த இடத்தில்தான் எனக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கிறாய்.

பதற்றத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையில் இரண்டு குறைகிறது. அன்று காலையில் நீ கொடுத்த காபி கசந்தது.

அம்மா

மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

கலந்தேன். மறைக்கவில்லை.

டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் குளியலறையைப் பூட்டிக்கொண்டு நீ மூச்சுக்குத் திணறினாய். "கதவத் தொறம்மா" என்று கெஞ்சினேன். "தல துவட்டுறேன், போடி வேலயப் பாத்துகிட்டு" என்று கத்தினாய். முடியெல்லாம் கொட்டிப்போய் இரண்டு மாதமாகிறது. எதைத் துவட்டினாய்?

மாத்திரையை நீயாகத் தொடமாட்டாய். அறுவை மேசையிலேயே உன்னை இழந்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கோபித்துக்கொள், ஆனால் உயிரோடு இருந்து கோபித்துக்கொள்.

உன் மகள்

மார்ச் 14

அன்புள்ள மகளுக்கு,

அன்று பயந்தேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை, நீயும் சொல்லாதே.

ஆனால் என் பயத்துக்கான மாத்திரையை எனக்கு ஊட்டிவிட்டு, உன் பயத்தைக் கேட்டு முடிவெடுத்திருக்கிறாய்.

நேற்று டாக்டரிடம் தனியாகப் போனேன். பதினேழு கேள்வி கேட்டேன். "நீங்க கேக்கறதப் பாத்தா எனக்கே படபடன்னு வருதும்மா" என்றார். "அப்போ நீங்க ஒண்ணு போட்டுக்குங்க" என்றேன். சிரித்தார். அறுவை சிகிச்சையில் உள்ள ஆபத்தையும் ஒளிக்காமல் சொன்னார். எல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது, முழுதாக. இருபத்தாறாம் தேதி அறுவை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மாத்திரை மேல் எனக்கு விரோதமில்லை. அதை விழுங்குவது தோல்வி என்று நினைத்திருந்தேன். அது என் அசட்டுத்தனம். எப்போது, எவ்வளவு என்று கேட்டுக்கொண்டேன். இன்று காலை ஸ்கேனுக்கு முன்னால் பாதி போட்டேன், என் கையால், தண்ணீரோடு. நன்றாகத்தான் இருந்தது.

அறுவை அன்றைக்கு என் பக்கத்தில் இருக்க உனக்கு அனுமதி உண்டு. எனக்குத் தெரியாமல் எதையும் கொடுப்பதில்லை, எனக்காக எதையும் முடிவு செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டால் மட்டும். போன் செய்யாதே, நீ அழுவாய், நான் இளகிவிடுவேன்.

இருபதாம் தேதிக்குள் எழுத்தில் பதில் அனுப்பு.

அம்மா