ஆயுத பூஜைக்குத் துடைத்த ஜாவா எட்டு

செப். 29, திங்கள்

வெயில். ஒரு மேகம் அரை மணி நேரம் நின்று ஏமாற்றிவிட்டு எம்.ரெட்டியபட்டிப் பக்கம் போனது. அங்காவது பெய்ததா தெரியவில்லை.

நாளை மறுநாள் ஆயுத பூஜை. ஆபீஸில் ஒட்டடை அடித்தாயிற்று. ஆபீஸ் என்றால் பாத்திரக்கடை மாடியில் ஓர் அறை, நான், ஜெசிந்தா, இரண்டு லேப்டாப். கடைகளுக்கும் ரத்தப் பரிசோதனை லேப்புக்கும் புரோகிராம் எழுதித் தரும் தொழில். பதினோரு வருஷம்.

லேப்டாப்பையும் சுத்தம் செய்தால் என்ன என்று உட்கார்ந்தேன். உள்ளே இருந்தவை:
ஜாவா – 4 (6, 8, 11, 17)
நோடு – 3
பைத்தான் – 3, அதில் ஒன்று யார் போட்டதென்றே தெரியாது

எழுதுகிற ஒவ்வொரு புரோகிராமும் இவற்றில் ஏதோ ஒன்றின் முதுகில்தான் ஓடுகிறது. காலத்துக்கு ஒரு பதிப்பு. போட்டதை எடுத்ததே இல்லை. இன்று பழசு எல்லாவற்றையும் போல்டரோடு அழித்தேன். புதுசில் ஒவ்வொன்று மட்டும் மிச்சம். மனசுக்கு என்ன ஒரு நிம்மதி.

அழித்துக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். "அண்ணே, ஜாவா எட்டை மட்டும் விட்டு வைங்க. லேப் புரோகிராம் அதுலதான் ஓடுது." பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எட்டும் போயிற்று. அவள் லேப்டாப்பில் எல்லாப் பழசும் இருக்கிறது. காயலான் கடை வைத்திருக்கிறாயா என்று கிண்டல் வேறு. சிரித்துக்கொண்டாள்.

அவளுக்குக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்லணும். வீட்டுக்காரர் அங்கே மில்லில், இரண்டு வருஷமாகத் தனியாக. இவள் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். போகப்போகிறாயா என்று நான் கேட்கவில்லை. ஆமாம் என்றுவிட்டால்? அவள் இல்லாமல் இந்த ஆபீஸ் ஒரு மாசம் தாங்காது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

அக். 1, புதன்

வீட்டில் பூஜை. அரிவாள்மனை, ஸ்பேனர், மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ், என் லேப்டாப். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நாளை மறுபூஜை வரை தொடக்கூடாது.

9.30க்கு லேப்பிலிருந்து முத்துலட்சுமி அக்கா போன். அங்கே ரத்தம் பார்ப்பவர். நல்ல நாள் என்று, ரத்த அணுக்களை எண்ணும் புது மெஷினுக்கு இன்றைக்கே பூஜை போட்டு ஓட்டியிருக்கிறார்கள். மெஷின் எண்ணுகிறது, கணக்கு கம்ப்யூட்டருக்கு வரவில்லை. ரிப்போர்ட் அடிக்க முடியவில்லை. காய்ச்சல் சீசன், பெஞ்ச் நிறைய ஆட்கள். "கையாலதான் எழுதிக்கிட்டு இருக்கேன் தம்பி. ஒரு பிள்ளைக்கு பிளேட்லெட் பதினெட்டாயிரம். நான் எண்பத்தோராயிரம்னு எழுதிட்டேன். குடுக்கப் போறப்பதான் பாத்தேன்."

லேப்டாப் பூஜையில் இருக்கிறது அக்கா, நாளைக்குத்தான் எடுக்க முடியும் என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. எடுத்தாலும் என்ன கிழித்திருப்பேன்? ஜாவா எட்டுதான் இல்லையே. லேப்பில் இருக்கும் அரதப்பழசு கம்ப்யூட்டரில் வேறு எதுவும் ஓடாது. என் தப்புக்குச் சரஸ்வதியை ஜாமீன் வைத்தேன். சீ.

பத்து நிமிஷம் பொரியைக் கொறித்துவிட்டு ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். அழித்ததையும் ஒப்புக்கொண்டேன். "சரிண்ணே, எங்கிட்ட இருக்கு. நேரா லேப்புக்கே வாரேன்."

லீவு நாள். நானும் லேப்புக்குப் போனேன். 10.50க்கு அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள், லேப்டாப் மடியில். லேப் போல்டருக்குள் போனாள். ஜாவா பதினேழு ஒதுங்கி எட்டு வந்து நின்றது. அதற்காக அவள் ஒன்றும் தட்டவில்லை! எப்படி என்று கேட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு போல்டர், அதற்குள் இதற்கு இந்தப் பதிப்பு என்று ஒரு வரி. உள்ளே போனால் அது வரும், வெளியே வந்தால் போய்விடும். ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது. ஒரே வீட்டில் நாலு மருமகள், நாலு அடுப்பு, சண்டையே இல்லை.

நான் வழக்கமாக என்ன செய்வேன்? ஒன்றை ஓட்டுவதற்காக மொத்த மெஷினையும் மாற்றி, மாற்றியதை மறந்து, மறுநாள் இன்னொன்று ஓடாமல் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்வேன்.

புது மெஷின் ஓர் எண்ணைக் கூடுதலாக அனுப்புகிறது. புரோகிராமில் அதற்கு இடம் ஒதுக்கித் திருத்தினாள். 11.40க்கு முதல் ரிப்போர்ட் பிரிண்டரிலிருந்து வந்தது. அக்கா தாளையும் மெஷின் திரையையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

'அன்னைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை ஜெசிந்தா வாயில் வரவில்லை. நானாக இருந்தால் வருஷம் பூரா சொல்லிக்காட்டியிருப்பேன்.

அக். 2, வியாழன்

மறுபூஜை. காய்ந்த சந்தனம் கீபோர்டில் உதிர்ந்தது. ஊதி எடுத்தேன்.

ஜாவா எட்டை நெட்டிலிருந்து இறக்கிப் போட்டேன், இருபதே நிமிஷம். இதற்கா அவ்வளவு பதறினோம் என்று நினைத்தேன். லேப் புரோகிராம் திறந்தது. மெஷினோடு பேசும் ஃபைல் இல்லை என்று சிவப்பில் எழுதிவிட்டு நின்றது. எந்த ஃபைல்? மத்தியானம் சாப்பிடும்போது உறைத்தது. கேபிள் வழியாக மெஷினோடு பேசுவதற்கு ஒரு சின்ன ஃபைல். அந்தக் காலத்தில் நானே தேடிப் பிடித்து ஜாவா போல்டருக்குள் செருகியது. மறந்தே போனேன். திங்கள்கிழமை அதையும் சேர்த்து அழித்திருக்கிறேன்.

ஜெசிந்தாவிடம் மட்டும் எப்படி இருந்தது? போனில் கேட்டேன். மூன்று வருஷத்துக்கு முன், சேர்ந்த முதல் வாரத்திலேயே என் மெஷினில் இருந்ததை அப்படியே நகல் எடுத்து வைத்தாளாம். "எது எதுக்குன்னு தெரியாம எப்படிண்ணே கை வைக்கிறது?"

நான் எழுதியதை என்னைவிட அவள் மதித்திருக்கிறாள்.

அக். 3, வெள்ளி

தலைவலி. கரண்ட் பில் கட்டணும். மகளுக்கு ஜியாமெட்ரி நோட்டு.
கோயம்புத்தூர் பற்றி இன்றும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தேன். கோழை.

அக். 4, சனி

வானம் மூடாக்கு. நாலு துளி.

என் லேப்டாப்பையும் அவளுடையது மாதிரி ஆக்கித் தரச் சொன்னேன். காலை முழுக்க அதுதான் வேலை. அவள் தன் குறிப்பு நோட்டைப் பார்த்து வாசிக்க, நான் தட்டினேன்.

லேப் – ஜாவா 8, கேபிள் ஃபைலோடு. தொடக்கூடாது.
எம்.ரெட்டியபட்டி விதைக்கடை – நோடு 14. மாற்றினால் பில்லில் தமிழ் கட்டம் கட்டமாக விழும்.
வீரசோழன் ஜவுளிக்கடை – பைத்தான் 3.8.
குமாரலிங்கபுரம் எடைமேடை – ஜாவா 11.

எது என்பதோடு, தெரிந்த இடத்தில் ஏன் என்பதும் இருந்தது. எதை எப்போது நான் கெடுத்தேன் என்பது மட்டும் எழுதவில்லை. பெரிய மனசு.

கடைசியில் ஒன்றை வேண்டுமென்றே அழிக்கச் சொன்னாள். இப்ப நீங்களே திரும்பக் கொண்டுவாங்க என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரையும் கேட்காமல் கொண்டுவந்துவிட்டேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

"இனிமே நான் பக்கத்துல இல்லாட்டியும் நீங்களே பாத்துக்கிருவீகண்ணே."

அப்போதுதான் விளங்கியது. கோயம்புத்தூருக்கு என்ன பதில் சொன்னாய் என்று ஒருவழியாகக் கேட்டேன். "வாரேன்னு சொல்லிட்டேண்ணே. இந்த மாசம் முப்பது வரைக்கும் இங்கதான்." என் முகத்தைப் பார்க்காமல் நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

நல்லதும்மா என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அனுபவச் சான்றிதழ் வேண்டுமாம். பழைய மாதிரியைத் திறந்தேன். 'எனது மேற்பார்வையில் பணியாற்றினார்' என்று இருந்தது. அந்த வரியை அழித்தேன். அந்த இடத்தில் எழுதியது: 'இவர் வைத்திருந்ததால்தான் எங்களிடம் எதுவும் தொலையவில்லை.' இதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று திங்கள்கிழமை அவளிடமே கேட்கணும்.