ஓமம் இல்லாத கல்யாணம்

உத்திரமேரூர், 14-7-1966, வியாழன்

இன்று கோர்ட்டில் ஜெயித்தேன்.

என் கட்சிக்காரன் கோவிந்தன், மனைவி உயிரோடு இருக்க இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டவன். மூத்தவள் முனியம்மாதான் வழக்குப் போட்டவள். குறுக்கு விசாரணையில், அந்த இரண்டாம் கல்யாணம் எப்படி நடந்தது என்று அவளையே கேட்டேன். நிமிர்ந்து நின்றாள். “எனக்கு ஓமம் வளத்து, ஊரக் கூட்டிக் கட்னாரு சார். அவளுக்கு வெறும் மஞ்சக்கயிறுதான்.”

அந்தப் பெருமையே எனக்குப் போதுமாக இருந்தது. சடங்கு இல்லையென்றால் சட்டப்படி அது கல்யாணமே அல்ல என்று சுப்ரீம் கோர்ட் சென்ற வருஷம் சொன்னதை எடுத்துக் காட்டினேன். கோவிந்தனுக்கு விடுதலை.

வாசலில் இளையவள், நிறைமாதக்காரி, என்னைக் கும்பிட்டாள். தீர்ப்பை விளக்கிச் சொன்னேன். கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அப்ப நான் அவருக்கு இன்னா வேணும் சார்?”

கோவிந்தன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குள், வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்த மாகறல் ஊர்க்காரர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். “நானும் இன்னொண்ணு கட்டிக்கலாம்னு கீறேன் சார். நெருப்பு வளக்கக் கூடாது, அவ்ளோதானே?”

காலையில் வரச் சொல்லியிருக்கிறேன்.