துணியில் பதினொன்று

பரானா, பிரேசில், பிப்ரவரி 20

அன்பு மகன் ஜந்தீருக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுத வரவில்லை. நீயாவது போர்ச்சுகல் குளிரில் நலமாக இரு. அக்கா மார்லியின் குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது, மாமாவுக்குக் காட்டணும் என்று பத்திரமாக வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு இருமல் விடவில்லை, முகமூடி போடாமல் மருந்து அடித்தால் வேறென்ன வரும். சோயா வயலில் நாவாய்ப்பூச்சிக்கு இந்த வருஷம் நான்கு தடவை அடித்துவிட்டார், எல்லாம் அதே பழைய மருந்து. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பூச்சி பாட்டுக்குக் காயில் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பாதிக் காய் பொக்கு. அறுக்க வேண்டிய சோயா முற்றாமல் இன்னும் பச்சையாகவே நிற்கிறது.

நீ என் போர்வையைக் கிழித்து இரண்டு குச்சியில் கட்டிய அந்தப் பூச்சி எண்ணும் துணி ஞாபகம் இருக்கிறதா? நீ போன பிறகு அப்பா அதில் மருந்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார். போன செவ்வாய்க்கிழமை அவரே அதைக் கொண்டுவந்து, துவைத்துக் கொடு என்றார். மூன்று முறை துவைத்தும் வாடை போகவில்லை. பிறகு இருவரும் வயலுக்குப் போய்ச் சாலுக்கு நடுவே விரித்துச் செடியை உலுக்கினோம். அவருக்குக் கிட்டத்தில் கண் சரியாகத் தெரியாததால் துணியில் விழுந்ததை நான்தான் எண்ணினேன், ஒரு மீட்டருக்குப் பதினொன்று. மறுபடி எண்ணச் சொன்னார். பதினொன்றேதான். வீட்டுக்கு வந்து மாத்தே டீயைக் குடிக்காமல் ஆறவிட்டு உட்கார்ந்திருந்தவர், "அன்னிக்கு அவன் எண்ணினப்ப மீட்டருக்கு ஒன்றரைதான் இருந்துச்சு, ஈவோனி. ரெண்டு வரட்டும்பா, அதுவரைக்கும் அடிக்காதீங்கன்னான். பக்கத்து வயல்ல டிராக்டர் ஓடுது, நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கவான்னு கத்தினேன்" என்றார். செத்ததை எண்ணாதீங்க, பிழைச்சதை எண்ணுங்க, அதோட குஞ்சுதான் நாளைக்கு வரும், அதுக்கு இந்த மருந்து ஏறாது என்று நீ சொன்னதையும் சொன்னார். அந்தச் சண்டைக்குப் பிறகு நான்கு வருஷமாக உன் பேரை எடுக்காத மனுஷன், மகனே. அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். கடிதத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, "பதினொண்ணுன்னு எழுது. அவனுக்குப் புரியும்" என்றார்.

கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே. பதில் எழுதினால் எனக்கு வேண்டாம், அவர் பேருக்கு எழுது. மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
ஈவோனி

வியாழன் காலை மறுபடி துணி விரித்தோம், பன்னிரண்டு பூச்சி. நீ சொல்லாமல் இனி அடிக்கமாட்டேன்.
அப்பா