நொன்ஸ்டொப் என்றால் நொன்ஸ்டொப்

11 நவம்பர் 2013, திங்கள்
சுவிஸின் இந்தக் கூர் நகரில் காலையிலிருந்து பனிப்புகார். எதிரே இருக்கிற மலையே தெரியவில்லை. கையுறை ஒன்று காணவில்லை. வேலையிடத்தில் உடை மாற்றும் அறையில் வைத்தது. கூட வேலை செய்கிற செல்வியிடம் கேட்கவில்லை, ஆனால் அவள் கையைக் கவனித்தேன். வாங்க: கோதுமை மா, பால், மகள் மதுராவுக்குச் சிவப்புப் பென்சில்.

இவரின் ஜக்கெட்டில் லுசேர்ண் ரயில் டிக்கெட். போன புதன் திகதி. புதன் இவருக்கு இங்கே வேலை நாள். கேட்கவில்லை. இருந்தபடியே வைத்துவிட்டேன்.

முதியோர் இல்லத்தில் இந்த மாதம் என் பராமரிப்பில் ஃபிராவ் கவீட்செல் என்ற அம்மா. 81 வயது, கண் மங்கல். கணவர் விமானி. ஜெட் விமானங்கள் புதிதாக வந்த அறுபதுகளில் சூரிச்–நியூயோர்க் ஓட்டியவர். இறந்து மூன்று வருடம். கல்லறைக் கல்லில் மனுசியின் பெயருக்குப் பாதி இடம் வெறுமையாக இருக்கிறதாம். மேசையில் ஒரு படிவம்: தான் இறந்தால் கணவரின் அதே கல்லறையா, பொதுக் கல்லறையா. 22ஆம் திகதி தம்பி மகன் வந்து எடுத்துப் போவான்.

13 நவ., புதன்
மழை. இவர் இன்றும் பிந்தித்தான் வந்தார். ஜக்கெட்டில் ஒன்றுமில்லை. அதுவும் ஒரு மாதிரித்தான்.

ஃபிராவ் கவீட்செல் அலுமாரியிலிருந்து சின்னச் சவர்க்காரம் ஒன்று எடுத்துக் காட்டினார். சுற்றிய கடதாசி இன்னும் பிரிக்கவில்லை. காண்டர் என்ற ஊர் ஹோட்டலின் பெயர். கனடாவின் கிழக்குக் கரையாம். பெப்ரவரி 21 அவர்களின் முதல் திருமண நாள். அன்று நியூயோர்க் போன கணவரின் பெட்டியில் இது இருந்திருக்கிறது.

"ஏன் வழியில் இறங்கினாய் என்று கேட்டேன். எதிர்க்காற்று, எரிபொருள் போதவில்லை, பிறகு பனி, இரவு தங்கினோம் என்றார். விமானக் கொம்பனியின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நொன்ஸ்டொப் என்று இருந்தது. நொன்ஸ்டொப் என்றால் நொன்ஸ்டொப்."

சரிதான். ஆண்களுக்குக் காரணம் சொல்லக் காற்றும் மழையும் எப்போதும் கைவசம்.

அவரின் பறப்புக் குறிப்பேடு இருக்கிறது. அவர் இருந்தவரை தொடவில்லையாம். இப்போது தொட்டாலும் கண் தெரியாது. தம்பி மகனைக் கேட்க வெட்கம். என்னைக் கேட்டார்.

14 நவ., வியாழன்
வாசித்தேன். கோழி கிண்டின எழுத்து. அந்தப் பெப்ரவரியில் நாலே வரி. 3, 9, 14. கடைசி வரி 27: எதிர்க்காற்று, காண்டர், எரிபொருள், பனி, தங்கல். அடுத்தது மார்ச். 21 இல்லவே இல்லை.

"காண்டர் 27ஆம் திகதி," என்றேன். "21இல் அவர் பறக்கவே இல்லை."

"அப்படியென்றால் எங்கள் நாளில் அவர் எங்கே இருந்தார்?"

கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது உண்மை. எழுத வெட்கமாக இருக்கிறது.

பொதுக் கல்லறை என்ற பெட்டியில் புள்ளடி போடச் சொன்னார். போட்டேன். கையெழுத்து வைத்தார். உறையை ஒட்டி ஜன்னலில் வைத்தேன். மத்தியானம் சூப் தொடவில்லை.

18 நவ., திங்கள்
கையுறை என் பையின் அடியில் கிடந்தது. செல்வியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

21 நவ., வியாழன்
பனி கொட்டுகிறது. 4.10க்கு மதுராவின் ரீச்சர் தொலைபேசியில். இன்று நாலு மணிக்கு வரச் சொன்னேனே, ஏன் வரவில்லை என்று. 27 என்றுதானே எழுதி அனுப்பினாள். துண்டு கைவசம் இருக்கிறது என்றேன். தன் பிழையை என் தலையில் கட்டுகிறாள் என்றே நினைத்தேன்.

இவர் வந்ததும் துண்டைக் காட்டினேன்.

"இது ஏழில்லையப்பா, ஒண்டு. இந்தச் சுவிஸ் ஆக்கள் ஒண்டுக்கும் நீட்டுத் தலை வைப்பினம். ஏழெண்டால் நடுவிலை குறுக்காலை கோடு கீறுவினம். பதினாறு வருசமா இருக்கிறீர், தெரியாதே?"

இல்லத்தில் எல்லாம் கணினியில். இவர்களின் கையெழுத்தை நான் எங்கே கண்டேன்.

பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். குறிப்பேட்டின் அந்த 27. குறுக்குக் கோடு இருந்ததா? இருந்த ஞாபகமே இல்லை. நாளைக்குப் பத்து மணிக்குத் தம்பி மகன் வருகிறான்.

22 நவ., வெள்ளி
முதல் பஸ். எனக்கு விடுமுறை நாள், ஆனாலும் போனேன். உறை ஜன்னலிலேயே இருந்தது. குறிப்பேட்டைத் திறந்தேன். கோடு இல்லை. மேலே 14இன் ஒன்றுக்கும் இதே நீட்டுத் தலை. 21.

"நான் பிழையாக வாசித்துவிட்டேன்," என்று சொல்லித் திரும்ப வாசித்தேன். பெப்ரவரி 21. எதிர்க்காற்று. காண்டர். எரிபொருள். பனி. தங்கல்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"இதையேதான் சொன்னார்," என்றார். "சொல்லுக்குச் சொல்."

குறிப்பேட்டை வாங்கி மடியில் வைத்தார். பிறகு:

"அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து கட்டிலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். நான் தேடுவதற்காக. ஓய்வு பெறும்வரை அப்படித்தான். ஒரு நாளும் கோபிக்கவில்லை."

உறையைக் கிழிக்கச் சொன்னார். அலுவலகத்தில் புதுப் படிவம் வாங்கி வந்தேன். அதே கல்லறை. கையெழுத்து கோட்டைவிட்டு மேலே ஏறிவிட்டது. பத்துக்குத் தம்பி மகன் வந்து கொண்டுபோனான். சவர்க்காரத்தைப் பிரித்துக் கை கழுவித் தரச் சொன்னார். நுரையே வரவில்லை.

பின்னேரம் வீட்டில். ஜக்கெட் கதவில் தொங்கியது. தொடவில்லை. இவரிடம் நேரே கேட்டேன், லுசேர்ணுக்கு என்னத்துக்குப் போனீங்கள் என்று.

சப்பாத்தைக் கழற்றியபடி, "ஓம், சொல்லுறன். இரும்," என்றார்.

பக்கத்தில் இருந்தேன்.