ஆறு கிழமைக்கு விட்டுக்கொடுத்த வீடு

12.07.2025, சனி

காலையில் இரண்டு சாறிச் சட்டை தைத்து முடித்தேன். மூன்றாவதை மெஷினில் வைக்கும்போது வீட்டுக்காரி சிவக்கொழுந்து அன்ரி படியேறி வந்தா. முழங்கால் நோவென்று ஒரு வருசமாக மாடிக்கு வராத மனிசி. மெஷினை நிறுத்திவிட்டு எழும்பினேன்.

"பிள்ளை சுபோ, கோவிக்காதை. ஓகஸ்டில கனடாவில இருந்து ஒரு குடும்பம் கலியாணத்துக்கு வருகுது. நாள் வாடகைக்குக் கேக்கினம். ஒரு ஆறு கிழமை, ஒண்டரை மாசம், நீங்கள் கீழ ஸ்ரோர் றூமில இருங்கோவன். பிறகு உன்ர வீடு உனக்குத்தான்."

உன்ர வீடாம்! நாங்கள் மாதம் முழுக்க இருந்து கொடுப்பதை அவர்கள் ஐந்து நாளில் கொடுத்துவிடுவார்கள். வெள்ளவத்தையில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இதுதானே இப்போது நடக்கிறது. ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

13.07, ஞாயிறு

இவர் ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டில் வேலை முடித்து மத்தியானம்தான் வந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"ஒரு கடதாசியில எழுதி வாங்கும்," என்றார்.

நாலு வருசமாக எழுத்தில்லாமல்தான் இருக்கிறோம். அட்வான்ஸ் கொடுத்ததற்கும் பற்றுத்துண்டு இல்லை. ஒரே ஊர், ஒரே கோயில். ஊர் ஆக்களிடம் போய்க் கடதாசி நீட்டினால் முகத்தில் அடித்த மாதிரி இருக்காதா? "அவ என்ன நினைப்பா?" என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்தார்.

31.07, வியாழன்

இறங்கிவிட்டோம். ஸ்ரோர் றூமில் இரண்டு பேர்தான் படுக்கலாம் — நானும் மகள் நிருஷாவும். இவர் யார்டில் காவல்காரரின் அறையில் படுக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அவளுக்குப் பெப்ரவரியில் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை. தையல் மெஷினைப் படிக்குக் கீழே பொலித்தீனால் மூடி வைத்திருக்கிறேன்.

09.08, சனி

கனடாக்காரர் வந்துவிட்டார்கள். கடைச் சாப்பாடு பிள்ளைகளுக்கு ஒத்துவரவில்லையாம். "சமைச்சுக் குடுக்கிறியோ? கைக்கு ஏதும் தருவன்," என்று அன்ரி கேட்டா. தைக்க இடமில்லாதபோது அதுவும் ஒரு வேலைதானே. இடியப்பம், சொதி, நண்டுக்கறி. கூட்டித் துடைப்பதும் நான்தான். என் வீட்டை இன்னொருத்தி துடைத்தால் எனக்கு மனம் ஒப்பாது.

24.08, ஞாயிறு

மேனுகா என்ற கனடாப் பெண் போகும்போது போனைக் காட்டினாள். இணையத்தில் எங்கள் மேல்வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறாள். "அக்கா, உங்கட நண்டுக்கறியப் பற்றித்தான் கனக்க எழுதியிருக்கிறன், பாருங்கோ." நான் பெருமையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். மத்தியானம் இவர் வந்ததும் அவரிடமும் சொல்லிப் பெருமை அடித்தேன்.

13.09, சனி

ஆறு கிழமை முடிந்தது. சாமானை மேலே ஏற்றலாமா என்று கேட்கப் போனேன்.

"எங்க ஏத்துறது? நவம்பர் முடியும் மட்டும் புக்கிங் பிள்ளை! எல்லாரும் அந்த நண்டுக்கறி எழுதினதைப் பாத்துத்தான் வருகினம். எல்லாம் உன்ர கைராசி."

ஐயோ, என்ர தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டிட்டன். உப்பை ஒரு பிடி கூடுதலாகப் போட்டிருக்கக் கூடாதா? ஒரு நாளாவது கறியை அடிப்பிடிக்க விட்டிருக்கக் கூடாதா? மடைச்சி. மடைச்சி.

14.09

இவர் கடதாசிக் கதையை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

05.10, ஞாயிறு

கொட்டாஞ்சேனைக்கு வீடு பார்க்கப் போனோம். தரகர் ஜவாத் நானா ஒரு அறையைக் காட்டினார். ஜன்னல் இல்லை, நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். அதற்கும் ஒரு வருச அட்வான்ஸ். "தங்கச்சி, இப்ப இதுக்குக் குறைய ஒத்தரும் தாரல்ல," என்றார். பாவம், பஸ்ஸுக்குக் காசு இருக்கா என்றும் கேட்டார்.

திரும்பி வந்து அன்ரியிடம் எங்கள் அட்வான்ஸைக் கேட்டேன். "அதை மேல ஏ.சி. பூட்டக் குடுத்திட்டன் பிள்ளை, மிச்சத்துக்கு லோனும் எடுத்தனான். ஆறுதலாத் தாறன்." என்னிடம் எந்தத் துண்டும் இல்லை. அவவுக்கும் அது தெரியும்.

02.11, ஞாயிறு

நிருஷா கணக்குச் செய்துகொண்டிருந்தாள். மேலே தேத்தண்ணி கொண்டுபோகச் சொல்லி அன்ரி அவளைக் கூப்பிட்டா. எனக்கு விசர் வந்திட்டுது. "அவள் படிக்கிறாள், அவளை வேலைக்கு விடேலாது!" என்று கத்தினேன்.

"பின்ன, படிக்கிறதுக்கு வேற இடம் பாருங்கோவன்," என்றா. சத்தம் போடாமல், சிரித்த முகத்தோடு.

பின்னேரம் நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணியை நிருஷா கொண்டுபோனாள்.

03.12, புதன்

மழை வெள்ளச் செய்தியைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்காரர் ஒவ்வொருவராக வேண்டாம் என்கிறார்கள். நாலு நாளாக மேல்வீடு வெறுமை. ஊரெல்லாம் அழும்போது என் மனம் மட்டும் உள்ளுக்குள் துள்ளியது. பாவம்தான், ஆனால் துள்ளியது. மேலே திரும்பிப் போகலாமா என்று கேட்க அன்ரியிடம் போனேன்.

"உன்ர வாடகையில ஏ.சி. லோன் கட்ட ஏலாது சுபோ. பொங்கலுக்கிடையில ஆக்கள் வராட்டி வீட்டை விக்கச் சொல்லி லண்டனில இருந்து மகன் நிக்கிறான். நீங்களும் ஒரு இடம் பாருங்கோ."

பொங்கல் ஜனவரியில். சோதனை பெப்ரவரியில். அதுவரைக்கும் இந்தச் சாமான் அறையாவது வேண்டும். பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

08.12

ஒருவரும் இல்லை. மாடி முழுவதையும் கழுவினேன்.

11.12, வியாழன்

கட்டில்களுக்குப் புது விரிப்புப் போட்டேன். ஆரும் கேட்கவில்லை, நானாகப் போட்டேன். கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். ஆராவது வரவேணும் பிள்ளையாரே, மூன்று மாதத்துக்காவது ஆராவது வரவேணும். இதற்கும் ஒருத்தி நேர்த்தி வைப்பாளா?

14.12, ஞாயிறு

நோர்வேயில் இருந்து நாலு பேர். மார்ச் முடியும் மட்டும் மேல்வீடு அவர்களுக்குத்தான், காசும் கட்டிவிட்டார்களாம். அன்ரி வந்து சொன்னதும் அவவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சந்தோசத்தில் அழுதுவிட்டேன்.