தெற்கு லீட்ரிமைக் கலைத்தது யார்?

நவம்பர் 16, ஞாயிறு, பிற்பகல் 2.40. வீட்டில் ஆட்கள்: ஒருவர்.

என் அன்பு நேசன் அண்ணை,

எங்கள் கோட்-டெ-நெய்ஜ் தெருக்களில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. ஹீட்டர் வழமைபோல உங்கள் அறையில் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. சூடு இந்தப் பக்கமும் வரட்டும் என்று உங்கள் கதவைத் திறந்து விட்டிருக்கிறேன். வேறு காரணம் இல்லை.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கான நினைவுப் புத்தகத்தை, கல்வெட்டை, ரொறன்ரோவில் உங்கள் மச்சான் அச்சடிக்கிறார். தேவாரம், குடும்ப விபரம், படம் எல்லாம் போட்டாயிற்று. நீங்கள் கடைசியாக எழுதிய கட்டுரையையும் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“தம்பி, செத்தவீட்டுப் புத்தகத்தில அயர்லாந்து எலெக்சனோ? சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். அவர் எழுதினது அதுதான்.”

“அந்தாள் அங்க கோப்பை கழுவினவர். வோட்டும் இல்லை. பேந்தென்ன தொகுதி?”

நியாயமான கேள்வி. நானும் உங்களிடம் கேட்டதுதான். அயர்லாந்தில் ஷனன் ஆற்றங்கரை ஹோட்டலில் நீங்கள் வேலை செய்தபோது, அந்த ஊர் இருந்த லீட்ரிம் மாவட்டத்தைத் தேர்தலுக்காக இரண்டாக வெட்டினார்கள். வடக்குத் துண்டு ஸ்லைகோவோடு, தெற்குத் துண்டு ரொஸ்கொமனோடு. இனி எங்களுக்கென்று பாராளுமன்றத்தில் ஆள் இருக்காது என்று சமையலறை முழுக்கப் புறுபுறுத்ததாம். இரண்டு பொதுத்தேர்தலோடு ரொஸ்கொமன்–தெற்கு லீட்ரிம் தொகுதி முடிந்தது. துண்டுகளை மறுபடி ஒட்டி, முழு லீட்ரிமையும் ஸ்லைகோவோடு சேர்த்தார்கள். அவ்வளவுதான் வரலாறு. எல்லைக்கோடுகளை நான் வரைபட மென்பொருளில் போட்டுத் தந்தேன். என் தொழில் அது.

சண்டை வந்தது கடைசி வரியில். ‘தொகுதி கலைக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தீர்கள்.

“துரத்திக் கலைக்கிறதுக்கு அதென்ன நாயோ? பாராளுமன்றத்தைத்தான் கலைக்கிறது. நீக்கப்பட்டது எண்டு எழுதுங்கோ.”

“எங்களை ஊரில இருந்து நீக்கினவங்களோடா? கலைச்சவங்கள்.”

“லீட்ரிமில ஒருத்தரும் வீட்டை விட்டு ஓடேல்லையே அண்ணை!”

பேனையை மூடினீர்கள்.

“ஓமடா. எல்லைக்கோட்டைத்தான் மாத்தினாங்கள். விடிய எல்லாரும் அதே வீட்டில இருந்துதான் எழும்பினாங்கள். அப்பிடியும் நடக்கும் எண்டு அங்கதான் கண்டனான். அந்த வரியைப் பேந்து எழுதுறன்.”

எழுதவில்லை. உங்கள் நெஞ்சு அவ்வளவு நாள் தரவில்லை. நீங்கள் அங்கே கண்டதை எழுதத்தான் முழுக் கட்டுரையும் என்று எனக்கு ஏன் அப்போது விளங்கவில்லை? புவாண்ட்-கிளேர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கோடு வரைகிறேன். கோட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்க இப்போது ஒருவரும் இல்லை.

இனிச் செய்யப்போவது:

1. நாளைக்கு மச்சானோடு கதைப்பேன். மறுத்தால் கட்டுரையை நானே அச்சடித்து, முப்பத்தோராம் நாள் மண்டப வாசலில் நின்று ஒவ்வொரு கல்வெட்டுக்குள்ளும் செருகுவேன்.
2. ‘கலைக்கப்பட்டது’ அப்படியே இருக்கும். அதற்குக் கீழே நீங்கள் சொன்னது வரும்: விடிய எல்லாரும் அதே வீட்டில் இருந்துதான் எழும்பினார்கள்.
3. உங்கள் அறைக்கு ஆள் தேட வேண்டும். அதைப் பேந்து பார்க்கிறேன்.

பக்கத்து அறைத் தம்பி